நடுப்பெட்டியின் எண்ணெய்

பழைய நான்கு சக்கர இயக்க டிரக் ஒன்றின் அடியில் படுத்துப் பார்த்தால், கியர்பெட்டியின் பின்புறம் ஒட்டினாற்போல இன்னொரு பெட்டி இருப்பதைக் காணலாம். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பார்கள். என்ஜினின் விசையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பகிர்ந்து அனுப்புவது அதன் தொழில். நம் வசதிக்கு நடுப்பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு திருகு மூடிகள் உண்டு. மேலே ஊற்றுவதற்கு ஒன்று, கீழே வடிப்பதற்கு ஒன்று. அனுபவமுள்ளவர்கள் மேல்மூடியைத்தான் முதலில் கழற்றுவார்கள். கீழே வடித்து முடித்த பிறகு, துருவேறிய மேல்மூடி அசைய மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அளவுகோல் கிடையாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மேல் துளையின் கீழ்விளிம்பில் எண்ணெய் வழியத் தொடங்கும்வரை ஊற்ற வேண்டும்.

எந்த எண்ணெயை ஊற்றுவது என்பதில்தான் சிக்கல். அதற்கான விடை அந்த டிரக் வரலாற்றின் எந்தப் பக்கத்தில் பிறந்தது என்பதைப் பொறுத்தது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக் கிளின்டன்வில் என்ற சிற்றூரில், ஓட்டோ ஸாக்கோவும் வில்லியம் பெசர்டிக்கும் 1908 வாக்கில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் வண்டியை உருவாக்கினார்கள். முதல் உலகப்போரின் சேற்றில் அவர்களது நிறுவனத்தின் டிரக்குகள் ஆயிரக்கணக்கில் ஓடின. ஆனால் நடுப்பெட்டியை உலகறியச் செய்தது ஜீப்தான். 1940இல் அமெரிக்கத் தரைப்படை சிறிய உளவு வண்டி ஒன்றைக் கேட்டது. முதல் மாதிரிக்குக் கொடுத்த அவகாசம் 49 நாள். பாண்டம் நிறுவனம் அதைச் சாதித்தது. பின்னர் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து குவித்தன. அவற்றின் நடுப்பெட்டி ஓஹியோவின் டொலீடோ நகரத்து ஸ்பைசர் நிறுவனம் வடிவமைத்தது. பதினெட்டாம் எண் மாதிரி என்று இன்றும் அதை அழைக்கிறார்கள்.

வார்ப்பிரும்புக் கூடு, உள்ளே ஒன்றையொன்று கவ்விச் சுழலும் பற்சக்கரங்கள். மூன்று பைன்ட், அதாவது ஏறத்தாழ 1.4 லிட்டர், கெட்டியான 90 எண் கியர் ஆயில் போதும். கீழ்ச்சக்கரம் எண்ணெயில் தோய்ந்து மேலே வாரியிறைக்கும். அவ்வளவுதான் மசகு ஏற்பாடு. கியர்பெட்டியிலிருந்து நடுப்பெட்டிக்கும் அங்கிருந்து இங்குமாக எண்ணெய் தண்டு வழியே இடம்பெயர்வது இவ்வண்டிகளின் பிறவிக்குணம். ஆகவே இரண்டையும் ஒரே வேளையில் வடித்து நிரப்புவதே முறை. சற்றுக் குறைந்தாலும், சற்றுப் பழையதானாலும் அப்பெட்டி பொறுத்துக்கொள்ளும். போர்முனையில் அவசரமாகப் பழகிய கைகளை எண்ணிச் செய்த இயந்திரம் அல்லவா? மகிந்திரா நிறுவனம் பல பத்தாண்டுகள் உரிமம் பெற்றுத் தயாரித்த ஜீப்புகளிலும் இதே பெட்டி வந்ததால், நம்மூர் மெக்கானிக்குகளுக்கும் 'தொண்ணூறு ஆயில்' வீட்டுச்சொல்லாகவே ஆகிவிட்டது.

இதற்கிடையே வேறொரு எண்ணெய் வேறொரு பெட்டியில் வளர்ந்து வந்தது. கிளட்ச் மிதி இல்லாத தானியங்கி கியர்பெட்டிக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1949இல் 'டைப் ஏ' என்ற திரவத்துக்கு இலக்கணம் வகுத்தது. மெல்லியது, பின்னாளில் சிவப்புச் சாயம் இதன் அடையாளமாயிற்று. தானியங்கிப் பெட்டியினுள் தட்டுகள் ஒன்றையொன்று பற்றும்போது வண்டி குலுங்கக்கூடாது, வழுக்கவும் கூடாது. அந்த நுட்பமான உராய்வைத் தந்த பொருள் எங்கிருந்து வந்தது என்பதுதான் வியப்பு. அது எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் வந்தது. அம்பர் தரும் அதே திமிங்கிலம். மெல்வில் 1851இல் எழுதிய 'மோபி டிக்' நாவலில் ஆகாப் துரத்தியதும் அவ்வினத்தைத்தான். அதன் எண்ணெய் உண்மையில் திரவ மெழுகு. வெப்பத்தில் எளிதில் கெடாது, உலோகத்தில் படிந்து நிற்கும். விளக்குக்காகத் திமிங்கிலம் கொன்ற காலம் மண்ணெண்ணெயோடு முடிந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். முடியவில்லை. மோட்டார் வாகனங்களின் கியர்பெட்டிகளுக்காக இருபதாம் நூற்றாண்டிலும் அது கொல்லப்பட்டது.

1970இல் அமெரிக்க அரசு அத்திமிங்கிலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. 1972இலும் 1973இலும் வந்த சட்டங்கள் வாசலை முழுதாக அடைத்தன. வேதியியலாளர்கள் மாற்றுத் தேடி ஓடினார்கள்; பாலைவனச் செடியான ஹோஹோபாவின் விதை எண்ணெய்கூட, திரவ மெழுகு என்பதால், பெருநம்பிக்கை ஊட்டியது. திமிங்கிலம் இல்லாமல் 1973இல் வந்த டெக்ஸ்ரான்-2 திரவம் முதலில் குளிர்விப்பானின் பற்றவைத்த இணைப்புகளை அரித்து வம்பு செய்தது; திருத்திய பிறகே நிலைபெற்றது.

அதே 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975இல் எரிபொருள் சிக்கனத்துக்கான சட்டம் வந்தது. வார்ப்பிரும்பின் கனம் திடீரென்று குற்றமாயிற்று. 1980இல் நியூ ப்ராசஸ் நிறுவனத்தின் 208ஆம் எண் நடுப்பெட்டி அமெரிக்க டிரக்குகளில் இறங்கியது. அலுமினியக் கூடு. முன்னச்சுக்கு விசை கொண்டுசெல்லப் பற்சக்கரத்துக்குப் பதில் அகலமான சங்கிலி. மேலிருக்கும் தாங்கிகளுக்கு எண்ணெய் ஏற்ற உள்ளேயே சிறு பம்பு. இந்தப் பம்பு உறிஞ்சுவதற்கு எண்ணெய் மெல்லியதாக இருக்க வேண்டும். கடுங்குளிரில் கெட்டியான எண்ணெயைக் கடைந்து விசையை வீணாக்கவும் கூடாது. எனவே தானியங்கிப் பெட்டியின் சிவப்புத் திரவம் நடுப்பெட்டிக்குக் குடிபெயர்ந்தது.

எண்ணெய் மாறிய செய்தி கையேட்டில் ஒரு வரியாக அச்சானது, கைகளுக்குச் சொல்லப்படவில்லை. நாற்பது ஆண்டுகள் தொண்ணூறு ஆயில் ஊற்றிய கை, புதிய பெட்டியிலும் அதையே ஊற்றும். குளிர்காலக் காலையில் அந்தக் கெட்டி எண்ணெயைப் பம்பு இழுக்கத் திணறும். மேலே தாங்கிகள் வறண்டு சுழலும். தவறு செய்தவருக்குத் தவறு தெரியவே தெரியாது. பெட்டி நெடுநாள் கழித்துச் சாகும், பழி 'இப்போதெல்லாம் மட்டமாகச் செய்கிறான்' என்று நிறுவனத்தின் மேல் விழும். என் எண்ணத்தில் அது முற்றிலும் அநியாயமான பழியும் அல்ல. பயன்படுத்துவோர் மன்னிப்பில்லாத பெட்டியைக் கேட்கவில்லை. சட்டமும் எடைக்கணக்கும் சேர்ந்து அவர்களுக்குக் கொடுத்தன.

ஆகவே, கைமாறி வந்த பழைய டிரக்கில் வடிதட்டைக் கீழே வைத்து மூடியைத் திறந்ததும் முதலில் நிறத்தையும் மணத்தையும் கவனிக்க வேண்டும். கெட்டியாக, கந்தக நெடியோடு பழுப்பாக இறங்குவது கியர் ஆயில். பற்சக்கரப் பெட்டியில் அது சரி. சங்கிலிப் பெட்டியிலிருந்து வந்தால், புதுத் திரவம் ஊற்றிக் கொஞ்சதூரம் ஓட்டி மீண்டும் வடிப்பது நல்லது.

1990களின் இறுதியில் வந்த சில பெட்டிகள் கனத்தை இன்னும் குறைக்க மெக்னீசியக் கூட்டுக்குப் போயின. அவற்றில் பம்பின் சிறு காது கூட்டின் உட்சுவரில் அதிர்ந்து அதிர்ந்து குண்டூசித் துளை போட்டுவிடும். துளை மேற்பகுதியில் இருப்பதால், வண்டி ஓடும்போதுதான் திரவம் தெறித்து வெளியேறும். நிறுத்திய இடத்தில் தரையில் ஒரு சொட்டும் இராது. மேல்மூடியைத் திறந்து விரலை நுழைத்துப் பார்த்தால்தான் தெரியும்.