ஆங்கிலத்தில் உருவளவைக் குறிக்கும் சொற்கள்

ஆங்கில மொழியில் ஒரு பொருளின் உருவளவைக் குறிக்கப் பல பெயரடைகள் வழங்குகின்றன. இவற்றுள் ‘பிக்’, ‘லார்ஜ்’, ‘கிரேட்’ ஆகிய மூன்றும் பெரிய அளவையும், ‘ஸ்மால்’, ‘லிட்டில்’ ஆகிய இரண்டும் சிறிய அளவையும் சுட்டும் அடிப்படைச் சொற்களாகும். ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் முதல் மூன்றுக்கும் “பெரிய” என்றும், மற்ற இரண்டுக்கும் “சிறிய” என்றும் பொருள் தருவது வழக்கம். எனினும் எல்லா இடங்களிலும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று வருவதில்லை. எது கூடுதலாகப் பெரியது என்பதைவிட, எவ்வகையில் பெரியது என்பதே இவற்றை வேறுபடுத்துகின்றது.

சொற்பிறப்பு

‘கிரேட்’ பழைய ஆங்கிலச் சொல்லாகும். தொடக்கத்தில் இது தடித்த, பருத்த என்னும் பொருளில் வழங்கியது. இடாய்ச்சு மொழியின் ‘குரோஸ்’ இதன் உறவுச் சொல். அக்காலத்தில் “பெரிய” என்பதற்குரிய வழக்கமான சொல் வேறு. அதன் வழிவந்ததே இன்றைய ‘மச்’. இங்கிலாந்தில் உள்ள மச் வென்லாக் என்னும் ஊரின் பெயரில் அப்பழம்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது.

‘லார்ஜ்’ பிரெஞ்சு வழியாக வந்தது. இதன் இலத்தீன் மூலமான ‘லார்குஸ்’ தாராளமான, மிகுதியான எனப் பொருள்படும். இன்றைய பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்கு அகலமான என்பதே பொருள். ‘பிக்’ ஏறத்தாழ 1300 ஆம் ஆண்டளவில் வட இங்கிலாந்து எழுத்துகளில் தோன்றுகின்றது. இது ஸ்காண்டிநேவிய மூலம் உடையதாகலாம் என அறிஞர் கருதுவர். முதலில் இது வலிமை மிக்கவரையே குறித்தது.

பிக், லார்ஜ்

கண்ணால் காணும் பொருள்களுக்கு இவ்விரண்டும் பொருந்தும். ‘பிக்’ பேச்சு வழக்குக்கும், ‘லார்ஜ்’ எழுத்து வழக்குக்கும் அளவீட்டுக்கும் நெருக்கமானவை. ஆயத்த ஆடைகளின் அளவைக் குறிப்பது ‘லார்ஜ்’ என்பதே. எண்ணிக்கை, தொகை ஆகியவற்றுடனும் இதுவே மிகுதியாக வரும். முக்கியத்துவத்தையும் அகவையையும் குறிக்க ‘பிக்’ வரும். ‘பிக் பிரதர்’ என்றால் அண்ணன். ‘லார்ஜ் பிரதர்’ என்றால் உடல் பருத்த சகோதரன்.

அறிவியல் பெயர்களிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். ‘பிக் பாங்’ (பெரு வெடிப்பு) என்னும் பெயரை 1949 இல் பிபிசி வானொலி உரையொன்றில் வழங்கியவர் வானியலாளர் பிரெட் ஹாயில். அது பேச்சில் பிறந்த பெயர். ஜெனீவாவுக்கு அருகில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்த கருவியின் பெயரிலோ ‘லார்ஜ்’ உள்ளது. தமிழில் பெரிய ஆட்ரான் மோதுவி எனப்படும் இக்கருவியில் பெரியது மோதுவியே, ஆட்ரான் அன்று.

கிரேட்

இன்று ‘கிரேட்’ பெரும்பாலும் உருவத்தைக் குறிப்பதில்லை. துணிவு, மகிழ்ச்சி போன்ற பண்புப் பெயர்களுடன் ‘கிரேட்’ வரும்; ‘பிக்’ வாராது. சிறப்புப் பெயர்களில் மட்டும் பழைய அளவுப் பொருள் நிலைத்துள்ளது. கிரேட் பிரிட்டன் என்பதில் உள்ள அடைமொழி பெருமை பாடுவதற்காக வந்ததன்று. பிரான்சிலுள்ள பிரித்தானிப் பகுதி சிறிய பிரித்தானியா எனப்பட்டதால், அதனின்று தீவைப் பிரித்துக் காட்ட வந்தது.

உறவுப் பெயர்களில் இச்சொல் ஒரு தலைமுறை மேலே செல்வதைக் காட்டும். ‘கிரேட் அங்கிள்’ என்பவர் தாத்தா அல்லது பாட்டியின் சகோதரர் ஆவார். இதைப் பெரியப்பா என மொழிபெயர்ப்பது தவறு.

ஸ்மால், லிட்டில்

‘ஸ்மால்’ பழைய ஆங்கிலத்தில் ஒடுங்கிய, மெல்லிய எனப் பொருள்பட்டது. இடாய்ச்சு மொழியின் ‘ஷ்மால்’ இன்றும் குறுகிய என்றே பொருள்படும். இவ்வொடுக்கப் பொருளுக்கு மனித உடலிலேயே சான்று உண்டு. சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமும், பெருங்குடல் ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமும் கொண்டவை. நான்கு மடங்கு நீளமானது எவ்வாறு சிறுகுடல் ஆயிற்று என்று மாணவர் வியப்பதுண்டு. இரண்டையும் பிரித்தது நீளத்தைக் கொண்டன்று, விட்டத்தைக் கொண்டே. ஆங்கிலப் பெயர்களின் அதே பாகுபாட்டைத் தமிழ்க் கலைச்சொற்களும் கொண்டுள்ளன.

‘ஸ்மால்’ அளவை மட்டும் கூறும். ‘லிட்டில்’ அளவுடன் பேசுபவரின் பரிவையோ இகழ்ச்சியையோ சேர்த்துக் கூறும். பயனிலையாக வரும்போது ‘ஸ்மால்’ என்பதே இயல்பு.

மிகக் கவனிக்க வேண்டியது, ‘லிட்டில்’ அளவிட மட்டும் கூடிய பெயர்களுடன் வரும் இடமாகும். ‘எ லிட்டில் ஹோப்’ என்றால் சிறிதளவு நம்பிக்கை உண்டு. முன்னுள்ள ‘எ’ நீங்கி ‘லிட்டில் ஹோப்’ ஆனால் நம்பிக்கை ஏறத்தாழ இல்லை. மருத்துவ அறிக்கையையோ மருத்துவரின் சொல்லையோ மொழிபெயர்ப்பவர் இவ்வோரெழுத்தைத் தவறவிட்டால் நோயாளியின் குடும்பத்துக்குச் செய்தி தலைகீழாகச் சென்றடையும்.

பிற சொற்கள்

‘ஹியூஜ்’, ‘எனார்மஸ்’ போன்றவை தம்முள்ளேயே மிகுதியைக் கொண்டவை. ஆதலால் இவற்றின் முன் ‘வெரி’ சேர்ப்பது பொதுவாக இயல்பன்று. ‘வாஸ்ட்’ பரப்பின் விரிவைச் சுட்டும். கடலுக்கும் பாலைநிலத்துக்கும் பொருந்தும், யானைக்குப் பொருந்தாது. ‘எனார்மஸ்’ என்பதன் இலத்தீன் மூலம் வரையறையை மீறியது எனப் பொருள்படும். இதனோடு தொடர்புடைய ‘எனார்மிட்டி’ நெடுங்காலமாகக் கொடுஞ்செயலைக் குறித்து வந்துள்ளது. ஆகவே ஒருவரது சாதனையின் அளவைப் பாராட்ட இச்சொல்லைக் கையாண்டால், ஆங்கிலம் நன்கறிந்தோர் அதைப் பழிப்பாகக் கொள்ள இடமுண்டு.