"ரிப்போர்ட் நார்மல்தானேம்மா?"

மார்ச் கணக்கு முடிப்பு எல்லாம் ஓய்ந்து இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்த பேங்க்காரன். ஆனாலும் இந்த விஷயத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அம்மா.

நாக்பூருக்கு வந்ததிலிருந்து ஞாயிறு காலை ஊருக்குப் போன் செய்வது வழக்கம். மூன்று வருடம் முன்பு அம்மா வாராவாரம் ஒரே பாட்டு. "உடம்பு ஒரு மாதிரி இருக்குப்பா, என்னன்னு சொல்லத் தெரியல." சர்க்கரை, பிரஷர், தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. "ரிப்போர்ட் நார்மல்தானேம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்று நானும் வாராவாரம் சொன்னேன். ஏழு மாதம் கழித்து, விரல் மூட்டெல்லாம் வீங்கிய பிறகுதான் முடக்குவாதம் என்று தெரிந்தது. அந்த ஏழு மாதம் இன்னமும் உறுத்துகிறது. அதனால்தான் தேடிப் படித்தேன்.

முடக்குவாதத்தின் அடிப்படை அழற்சி. அழல் என்றால் நெருப்பு. பெயரே சொல்கிறது பாருங்கள். முதல் நூற்றாண்டில் ரோமாபுரி செல்சஸ் அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் எழுதி வைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. நான்கும் அந்த இடத்தில் தெரிபவை. ஆளே துவண்டு போவது அந்தப் பட்டியலில் இல்லை!

அழற்சி ஒரு நோய் அல்ல, உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் முயற்சி என்று 1794-ல் வெளியான ஜான் ஹன்டரின் புத்தகம் சொன்னது. 1882-ல் மெச்னிகாஃப், இத்தாலியின் மெஸ்ஸினா நகரில், நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் பார்த்தால் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அசதி எங்கிருந்து வருகிறது? அந்த அணுக்கள் சைட்டோகைன் என்ற தூதுப் பொருள்களை வெளியிடுகின்றன. இவற்றின் செய்தி ரத்தம் வழியாகவும் நரம்பு வழியாகவும் மூளைக்குப் போகிறது. உடனே பசி போய்விடும், தூக்கம் தள்ளும், யாரிடமும் பேசப் பிடிக்காது. காய்ச்சல் கண்ட மாடு மூலையில் படுத்துக்கொள்வது சும்மா பலவீனம் அல்ல, நோயோடு சண்டை போட உடம்பே வகுத்த ஏற்பாடு என்று 1988-ல் கால்நடை மருத்துவ விஞ்ஞானி பெஞ்சமின் ஹார்ட் எழுதினார்.

இதற்கிடையில் 1982-ல் கனடாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. மனிடோபா மாநில முதியவர்களிடம் "உங்கள் வயதுக்கு உடல்நிலை எப்படி இருக்கிறது?" என்று ஒரே கேள்வி. நாம் போனில் கேட்பதேதான். மோசம் என்று சொன்னவர்கள், மருத்துவப் பதிவுகளைக் கணக்கில் எடுத்த பிறகும், அடுத்த சில வருடங்களில் அதிகம் இறந்திருந்தார்கள். 2004-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், உடல்நலம் சரியில்லை என்று சொன்ன பெண்களின் ரத்தத்தில் சில சைட்டோகைன்கள் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். இரண்டும் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவுதான். இதுதான் அதற்குக் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. எல்லா அசதிக்கும் அழற்சிதான் காரணம் என்றும் அர்த்தமில்லை. ரத்தசோகை இருக்கலாம், மனச்சோர்வும் இருக்கலாம்.

என்னை உலுக்கியது 1992 லண்டன் கதை. இந்தியாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும், டி.என்.எஃப். என்ற சைட்டோகைனைத் தடுக்கும் மருந்தை முடக்குவாதக்காரர்களுக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மூட்டு வீக்கம் வடிவதற்கு முன்பே, அசதி குறைந்து தெம்பு வந்ததாக நோயாளிகள் சொன்னார்களாம். அப்படியானால் அம்மாவின் "ஒரு மாதிரி" வெறும் புலம்பல் இல்லை. எந்த ரிப்போர்ட்டிலும் ஏறாத தகவல் அது. பேங்கில் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் தப்பே இல்லை என்று நான் நம்புவதில்லை. அம்மா விஷயத்தில் மட்டும் நம்பினேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொன்னால் என்னைப்போல் பேச்சை முடித்துவிடாதீர்கள். எத்தனை நாளாக, காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேளுங்கள். அரைமணிக்கு மேல் என்றால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அம்மா இப்போது மருந்தில் இருக்கிறார். போன ஞாயிறு, "இன்னிக்குப் பரவாயில்லப்பா, நானே பூ கட்டினேன்" என்றார். எத்தனை முழம் என்று கேட்டேன். இரண்டாம்.