போர்முனைக்குப் போன புகையிலைப் பார்சல்கள்

டிசம்பர் 7ஆம் தேதி கொடிநாள். 1949 முதல் நாடு முழுவதும் கடைப்பிடிக்கப்படுகிறது. நம் சங்க அலுவலகத்திலும் வழக்கம்போல் உண்டியல் வைக்கப்படும். போன வருடம் வசூலின்போது ஒரு கேள்வி வந்தது. "காசாகக் கொடுப்பதைவிட, எல்லையில் இருப்பவர்களுக்கு ஏதாவது பொருளாக வாங்கி அனுப்பினால் என்ன?" என்று ஒருவர் கேட்டார். "ரெண்டு பண்டல் சிகரெட் அனுப்புங்க, அதுதான் அவங்களுக்கு வேணும்" என்று இன்னொருவர் விளையாட்டாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஒரு காலத்தில் உலகம் முழுக்க இதை விளையாட்டாக இல்லாமல் முழு மனதோடு செய்திருக்கிறார்கள். கடல் கடந்து போரிட்ட நம் நாட்டுச் சிப்பாய்களுக்கும் அப்படிப் பார்சல்கள் போயின. அந்தக் கதையைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

1914 ஜூலை கடைசியில் முதல் உலகப் போர் தொடங்கியது. செப்டம்பர் கடைசியிலேயே இந்தியப் படை பிரான்ஸ் நாட்டின் மார்செய் துறைமுகத்தில் இறங்கிவிட்டது. அந்த அக்டோபரில் இங்கிலாந்து அரசரின் மகள் இளவரசி மேரி ஒரு நிதி தொடங்கினார். அவருக்கு அப்போது வயது 17. கிறிஸ்துமஸ் அன்று போர்முனையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பரிசுப் பெட்டி கொடுக்க வேண்டும் என்பது திட்டம். பொதுமக்கள் கொடுத்த பணம் 1,60,000 பவுண்டைத் தாண்டியது. உள்ளங்கையில் அடங்கும் பித்தளைப் பெட்டி. மூடியில் இளவரசியின் முகம், சுற்றிலும் நேச நாடுகளின் பெயர்கள், கீழே 'கிறிஸ்துமஸ் 1914' என்ற எழுத்து. உள்ளே ஒரு அவுன்ஸ் பைப் புகையிலை, 20 சிகரெட், புகைக்கும் பைப், பற்றவைக்க ஒரு லைட்டர், வாழ்த்து அட்டை, இளவரசியின் படம். புகைக்காதவர்களுக்குப் புளிப்பு மிட்டாயும், கடிதம் எழுதத் தாளும் பென்சிலும்.

இந்தியர்களுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி எழுந்ததும் பட்டியலை மாற்றினார்கள். கூர்க்காக்களுக்கு வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கொடுத்ததே. சீக்கியர்களுக்கு மதப்படி புகையிலை ஆகாது. ஆகவே அவர்களுக்குக் கற்கண்டும், ஒரு சிறு தகரப் பெட்டியில் மசாலாவும். மற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு சிகரெட், கற்கண்டு, மசாலா மூன்றும். தண்ணீர் சுமக்கும் பிஸ்திகள் போன்ற ஏவலாட்களுக்கு மசாலாப் பெட்டியும் வாழ்த்து அட்டையும் மட்டும். இந்தப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் எனக்கு இரண்டு எண்ணம் வருகிறது. யாருக்கு எது ஆகும், ஆகாது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே என்று மனம் நெகிழ்கிறது. அதே பட்டியலில் தண்ணீர் சுமந்தவனுக்கு சிகரெட்டும் கிடையாது, கற்கண்டும் கிடையாது என்பதைப் பார்க்கும்போது அந்த நெகிழ்ச்சி பாதியாகிவிடுகிறது. குண்டு விழும் இடத்துக்கு அவனும்தான் தண்ணீர் கொண்டு போனான்.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று போய்ச் சேர்ந்தவை 4 லட்சத்துக்குச் சற்று அதிகமான பெட்டிகள். மற்றவர்களுக்குப் பிறகு அனுப்பினார்கள். மொத்தம் 26 லட்சம் பேருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். இடையில் பித்தளைத் தட்டுப்பாடு வேறு. அமெரிக்காவிலிருந்து பித்தளைத் தகடு ஏற்றி வந்த லூசிடானியா கப்பல் 1915 மே மாதம் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்டது. அந்தச் சரக்கும் கடலுக்கடியில் போனது.

இளவரசியின் பெட்டி ஒருமுறைப் பரிசுதான். மாதாமாதம் அனுப்பும் வேலையை லண்டனில் 1914 அக்டோபரில் தொடங்கிய 'இந்தியச் சிப்பாய்கள் நிதி' என்ற அமைப்பு எடுத்துக்கொண்டது. கம்பளி உடை, சாக்ஸ், இனிப்பு, புகையிலை, சிகரெட், அவரவர் மத நூல்கள் என்று பிரான்ஸுக்கும் மற்ற போர்முனைகளுக்கும் அனுப்பினார்கள்.

நம் பக்கத்து ஆட்களும் அந்தப் போரில் இருந்தார்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் நடந்த சண்டையில் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரி இறங்கியது. மெசபடோமியா பாலைவனத்தில் மதராஸ் சாப்பர்ஸ் பாலம் கட்டிச் சாலை போட்டார்கள். மதராஸ் மாகாணத்தில் திரட்டிய போர் நிதியில் 'மதராஸ்' என்ற பெயரிலேயே ஒரு மருத்துவக் கப்பல் ஓடியது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட பிறகு, போர் எங்கோ தூரத்தில் நடக்கிறது என்று இங்கே யாரும் நினைக்க முடியவில்லை.

இந்தப் பார்சல்களில் எப்போதும் சேர்ந்தே போன இரண்டு பொருள் உண்டு. ஒன்று புகையிலை, இன்னொன்று பின்னல். இரண்டாவது நம் ஊர்த் தொழில் என்பதால் அதைப் பற்றி இரண்டு வரி. பதுங்குகுழிச் சேற்றில் நாள் கணக்கில் நின்றால் கால் அழுகும். அதனால் மாற்று சாக்ஸ் உயிர் காக்கும் பொருளாக இருந்தது. வீட்டுப் பெண்கள் ஊசி பிடித்துப் பின்னிக் குவித்தார்கள். சாக்ஸின் விரல் பக்கம் தையல் புடைப்பு இருந்தால் நடக்க நடக்கக் கொப்புளம் வரும். ஓவர்லாக் அடித்த ஓரம் உறுத்துவதை பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே புடைப்பே தெரியாமல் கண்ணியோடு கண்ணி கோர்க்கும் முறைக்கு இன்றும் 'கிச்சனர் தையல்' என்று பெயர். போர் மந்திரி கிச்சனர் பெயரால் வந்தது. 1902 முதல் 1909 வரை இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர்தான். அந்தப் போர் நடந்த காலத்தில் திருப்பூரில் பனியன் தொழிலே கிடையாது. முதல் பனியன் கம்பெனியான பேபி நிட்டிங் 1925ல்தான் வந்தது.

நம் கோவை வட்டாரத்தில் புகையிலை ஏற்கெனவே விளைந்தது. ஆனால் அது பெரும்பாலும் வெற்றிலையோடு மெல்லவும் சுருட்டு சுற்றவும்தான். திண்டுக்கல், திருச்சி சுருட்டுகளை வெள்ளைக்காரர்களே விரும்பி வாங்கினார்கள். சிகரெட் வேறு விஷயம். இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி கல்கத்தாவில் தொடங்கியது 1910ல். சிகரெட்டை ஊருக்குப் பழக்கியதில் போருக்குப் பெரிய பங்கு உண்டு. பைப்பை நிரப்பி, அமுக்கி, நிதானமாக இழுக்கப் பதுங்குகுழியில் நேரம் ஏது? சிகரெட் என்றால் பற்றவைத்து நாலு இழுப்பில் முடிந்துவிடும். பார்சல் கட்டுபவர்களுக்கும் அதுதான் வசதி. எடை இல்லை, கெடாது, விலை குறைவு, எண்ணிப் பிரித்துக் கொடுக்கலாம்.

'எண்ணிப் பிரித்துக் கொடுக்கலாம்' என்ற இந்தக் குணம்தான் அடுத்த போரில் ஒரு விசித்திரத்தைச் செய்தது. வாழ்நாளெல்லாம் கேஷ் கவுண்டரில் நோட்டு எண்ணியவன் என்பதால் இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடமும் இத்தாலியரிடமும் ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் கைதிகளானார்கள். லண்டன் இந்தியா ஹவுஸில் 1939ல் தொடங்கிய 'இந்தியன் கம்பர்ட்ஸ் பண்ட்' என்ற அமைப்பு அவர்களுக்கு 15 லட்சத்துக்கும் மேற்பட்ட செஞ்சிலுவை உணவுப் பார்சல்களை அனுப்பியது. நம்மவர் நாக்குக்கு ஏற்றபடி ஆட்டா, பருப்பு, மசாலாத் தூள் வைத்த பார்சல்கள். பல நாட்டுக் கைதிகளுக்கும் பார்சலோடு சிகரெட்டும் போய்க்கொண்டிருந்தது.

அப்படி ஒரு முகாமில் கைதியாக இருந்த ராட்போர்ட் என்ற ஆங்கிலேயர், விடுதலையானதும் 1945 நவம்பரில் 'எகனாமிகா' என்ற பொருளாதார இதழில் ஒரு கட்டுரை எழுதினார். முகாமில் பணம் கிடையாது. ஆனால் ரொட்டி, ஜாம், சட்டை என்று எல்லாவற்றுக்கும் விலை இருந்தது. அந்த விலை சிகரெட்டில். புகைக்காதவனும் சிகரெட்டை வாங்கி வைத்துக்கொண்டான், மறுநாள் செலவழிக்கலாம் என்று. புதுச் சரக்கு வந்தால் விலைவாசி ஏறும். எல்லோரும் ஊதித் தீர்த்ததும் விலை சரியும். நல்ல சிகரெட்டை மறைத்து வைத்துக்கொண்டு மட்டமானதைக் கொடுத்துப் பொருள் வாங்கினார்கள். பி.காம். வகுப்பில் கிரஷாம் விதி என்று மனப்பாடம் செய்தோமே, கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டும் என்று, அதே கதைதான். 1944 ஆகஸ்டில் பார்சலும் சிகரெட்டும் பாதியாகக் குறைந்தபோது அந்தச் சந்தையே ஆட்டம் கண்டது.

அந்தக் கட்டுரையில் நம்மவர்களும் வருகிறார்கள். முகாமின் இந்தியப் பகுதியில் இருந்த சீக்கியர்களுக்குக் கொடுத்த இறைச்சி அவர்களுக்கு வேண்டியதாக இல்லை. உருது தெரிந்த ஒரு கைதி அதை அவர்களிடம் வாங்கி, பதிலுக்கு வெண்ணெயும் ஜாமும் விற்று லாபம் பார்த்திருக்கிறார். விஷயம் தெரிந்து மற்றவர்களும் போட்டிக்கு வந்ததும் விலை ஏறக்குறைய எல்லாப் பகுதிக்கும் சமமாகிவிட்டது. கமிஷன் வியாபாரம் எப்படி நடக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். நான் கவனித்தது வேறு. ஒருவருக்கு ஆகாத பொருளைக் கொடுத்தால், நடுவில் மொழி தெரிந்தவருக்குத்தான் ஆதாயம்.

ஐரோப்பாவில் இப்படி. ஆனால் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் சிக்கிய பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களுக்குப் பார்சல் அநேகமாகப் போய்ச் சேரவே இல்லை. நியூ கினி வரை கூலி வேலைக்குக் கொண்டு போகப்பட்டுப் பட்டினியிலும் நோயிலும் இறந்தவர்கள் உண்டு. எந்த நிதியாலும் அங்கே எட்ட முடியவில்லை.

சிகரெட்டின் மறுபக்கம் போர் முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. 1950ல் டால், ஹில் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். போரில் பழகிய தலைமுறை அதன் பலனை ஆஸ்பத்திரிகளில் அனுபவித்தது. அப்படியும் அமெரிக்கப் படை தன் உணவுப் பொட்டலத்தில் சிகரெட் வைப்பதை 1975ல்தான் நிறுத்தியது. 2010ல் அங்கே தபாலில் சிகரெட் அனுப்பவே தடை வந்தது. ஒருவர் இன்னொருவருக்குப் பரிசாக 10 அவுன்ஸ் வரை அனுப்ப மட்டும் விலக்கு. வெளிநாட்டில் இருக்கும் சிப்பாய்க்கு அனுப்புவதில் முதலில் சிக்கல் வந்து, பிறகு விதியைத் தளர்த்தினார்கள். அன்று சாக்ஸோடு சிகரெட்டும் வைத்துக் கட்டிய தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குத் தெரியாது. 1950க்குப் பிறகும் விற்ற கம்பெனிகளுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

சுதந்திர இந்தியாவும் படைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறது. 1953ல் கொரியாவுக்கு, பிறகு காசா, காங்கோ. அவர்களுக்காக நம் தபால் துறை இந்தியத் தபால்தலைகளிலேயே தனி எழுத்து அச்சிட்டுக் கொடுத்தது. 1962 சீனப் போரின்போது நாடு முழுக்கப் பெண்கள் மறுபடி ஊசியும் நூலுமாக உட்கார்ந்து ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னினார்கள்.

நம் குடியிருப்பில் முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்கள். பார்சல் அனுப்பும் யோசனையை மறுபடி எடுப்பதற்கு முன்னால், பணியில் இருந்தபோது வீட்டிலிருந்து என்ன வந்தால் சந்தோஷப்பட்டீர்கள் என்று அவர்களிடம் ஒருமுறை கேட்கலாமே. அடுத்த இதழுக்கு அவர்களே எழுதினால் இன்னும் நல்லது. இன்னொரு வேண்டுகோள். யார் வீட்டிலாவது தாத்தா காலத்துப் பொருட்களில், மூடியில் ஒரு பெண் முகமும் 1914 என்ற எண்ணும் உள்ள சிறு பித்தளைப் பெட்டி இருந்தால் தகவல் சொல்லுங்கள். நான் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.