மினி காரின் மூச்சு

1951இல் ஆஸ்டின் ஏ30 காருக்கென 803 சிசி கொள்ளளவில் பிறந்தது ஏ-சீரிஸ் எஞ்சின். 1959இல் அலெக் இசிகோனிஸ் அதனைக் குறுக்குவாட்டில் அமைத்து மினியை உருவாக்கினார். ஆற்றல் வெறும் 34 குதிரைத்திறன்! 1961இல், பந்தயக் கார் அமைப்பாளர் ஜான் கூப்பரின் முயற்சியால், அது 997 சிசி, 55 குதிரைத்திறன் என வளர்ந்தது. 1964இல் பேடி ஹாப்கர்க் ஓட்டிய கூப்பர் எஸ், மான்டி கார்லோ ராலியையே வென்றது.

அவ்வெற்றியில் மயங்கிப் பழைய மினி வைத்திருப்போர் பலர் பந்தயக் கேம்ஷாஃப்ட்டையே நாடுகின்றனர். ஆனால் இந்த எஞ்சினின் நான்கு சிலிண்டர்களுக்கும் உள்ளிழுப்பு வாயில்கள் இரண்டே. ஒரு சிலிண்டரின் வால்வு மூடுமுன்னரே அண்டைச் சிலிண்டரின் வால்வு திறந்து, அதன் பங்கைப் பறிக்கும். வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம் இப்பறிப்பை மிகுவிக்கும். உயர் சுழற்சியில் ஆற்றல் கிட்டும். நகர நெரிசலிலோ எஞ்சின் திணறும்.

அன்றாடச் சாலைக்கு மிதமான கேமும் 1.5 விகித ராக்கர்களும் போதும் என்பேன். அத்தகைய ராக்கர் வால்வைக் கூடுதலாகத் தூக்குமேயன்றி, திறந்திருக்கும் காலத்தைப் பெரிதும் நீட்டாது. வால்வு ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாதிருத்தலை மட்டும் சரிபார்த்தல் வேண்டும்.

என் நண்பரொருவர் சிக்கனம் கருதிப் புதிய கேமுடன் பழைய டேப்பெட்டுகளையே பொருத்தினார். பழைய கேமிற்கேற்பத் தேய்ந்திருந்த அவை புதியதன் முனைகளை அரித்துவிட்டன. எஞ்சினை மீண்டும் இறக்க நேர்ந்தது.