நாரத்தை போன வழியும் ஸ்ட்ராபெரி சாஸும்



எங்கள் பள்ளியில் நடந்த உணவுச் சந்தைக்கு என்னென்ன சமைத்து வரலாம் என்று பெற்றோர் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தனர். பெட்டாலிங் ஜெயாவில் குடியிருக்கும் தாயார் ஒருவர், கேமரன் மலையிலிருந்து வாங்கி வந்த ஸ்ட்ராபெரிப் பழங்களைச் சாஸாகக் காய்ச்சி, பான்கேக்கின் மேல் ஊற்றித் தர விரும்பினார். அவர் கையில் ஓர் ஆங்கிலச் சமையல் நூல் இருந்தது. பழம், சீனி, எலுமிச்சைச் சாறு என்று வரிசையாகச் சொல்லி வந்த அந்நூல், இறுதியில் இரண்டு மேசைக்கரண்டி ஆரஞ்சு லிக்கர் சேர்க்கச் சொல்லியது. லிக்கர் என்பது மணமும் இனிப்பும் ஊட்டிய மது.

“டீச்சர், கொதிக்க வெச்சா மது எல்லாம் ஆவியாப் போயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?” என்று அவர் கேட்டார். நானும், “போய்விடும் அம்மா, கவலை வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “இல்ல டீச்சர், எங்க தாத்தா கூலியில பாதி கள்ளுக்கடைக்கே போச்சுன்னு பாட்டி சொல்லி அழுவாங்க. எங்க வீட்டுல அந்த வாடையே ஆகாது” என்றார். நல்ல வேளையாக, அவர் என் சொல்லை நம்பி அதைச் சேர்க்கவில்லை. வீட்டிற்கு வந்து படித்துப் பார்த்தபோதுதான் நான் சொன்னது தவறு என்று தெரிந்தது. அத்தவற்றைத் திருத்துவதற்கே இக்கட்டுரை. திருத்தப் புகுந்த இடத்தில், நம் வீட்டு நாரத்தையின் வரலாறும் கிடைத்தது.

நாரத்தை போன வழி

ஆரஞ்சு என்ற சொல்லை நாம் ஆங்கிலச் சொல்லாகவே கருதுகிறோம். ஆனால் அதன் வேர் திராவிட மொழிகளில் உள்ளது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. தமிழில் நாரத்தை, மலையாளத்தில் நாரங்ஙா, தெலுங்கில் நாரிஞ்ச. இவ்வினத்துச் சொல் வடமொழியில் நாரங்க எனவும், பாரசீகத்தில் நாரங் எனவும், அரபியில் நாரஞ்ச் எனவும் வழங்கிற்று. அரபியர் கசப்பு ஆரஞ்சு மரத்தைச் சிசிலித் தீவிலும் ஸ்பெயின் நாட்டிலும் நட்டபோது பெயரும் உடன் சென்றது. ஸ்பானிய மொழி அதை நரங்ஹா என்று இன்றும் நகரத்தோடு சொல்கிறது. பிரெஞ்சு மொழியிலோ, முன்னால் வரும் ‘அன்’ என்னும் சுட்டுச் சொல்லோடு நகரம் ஒட்டிக்கொண்டு போய்விட, எஞ்சியது ஒரஞ்ச். அதுவே ஆங்கிலத்திற்கும் சென்றது. ஆங்கிலம் மலாய்க்குத் தந்தது ஓரன். நம் மாணவர்கள் சிற்றுண்டிச் சாலையில் “ஓரன் ஜூஸ்” என்று கேட்கும்போது, உலகைச் சுற்றி வந்த பழைய உறவினர் ஒருவரையே அழைக்கிறார்கள்.

சீனியின் பெயரும் இவ்வாறே பயணம் செய்தது. சர்க்கரை என்று நாம் வழங்கும் சொல்லுக்கு மூலமான வடமொழிச் சர்க்கராவே, பாரசீகம், அரபி வழியாக ஐரோப்பா சென்று ஆங்கிலத்தில் சுகர் ஆயிற்று. அந்தச் சாஸின் மணத்திற்கும் இனிப்பிற்கும் உரிய பெயர்கள் இரண்டுமே கீழ்த்திசையிலிருந்து சென்றவை.

தோலும் மதுவும் சேர்ந்த கதை

1493ஆம் ஆண்டில் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தின்போது ஆரஞ்சு விதைகளைக் கரிபியன் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். ஸ்பானியர் குராசோ தீவிலும் கசப்பு ஆரஞ்சை நட்டனர். வறண்ட மண்ணில் காய் சிறுத்தது. உண்ண முடியாதபடி கசந்தது. ஆனால் அதன் தோல் மிகுந்த மணமுடையதாய் இருந்தது. 1634ஆம் ஆண்டில் அத்தீவு டச்சுக்காரர் கைக்கு மாறியது. உலர்த்திய அந்தத் தோலை மதுவில் ஊறவைத்துச் செய்த பானம் தீவின் பெயராலேயே குராசோ எனப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு இதனைப் பெருந்தொழிலாக்கியது. ஆன்ஷே நகரில் 1849ஆம் ஆண்டில் தொடங்கிய குவான்த்ரோ குடும்பத்தின் வடிசாலை, 1875ஆம் ஆண்டில் இனிப்பு, கசப்பு என இருவகை ஆரஞ்சுத் தோலையும் சேர்த்துத் தன் பெயர் பெற்ற பானத்தை வெளியிட்டது. 1880ஆம் ஆண்டில் கசப்பு ஆரஞ்சையும் கோன்யாக் என்னும் திராட்சை மதுவடியையும் கலந்த கிராண்ட் மார்னியே வந்தது. இவ்விரண்டிலும் மதுவின் அளவு நூற்றுக்கு 40 பங்கு.

ஸ்ட்ராபெரியின் வரலாறும் பிரான்சோடு தொடர்புடையது. பிரெசியே என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் 1714ஆம் ஆண்டில் சிலி நாட்டிலிருந்து பெரிய பழமுடைய ஒரு செடியைக் கொண்டு வந்தார். அது வட அமெரிக்கச் செடியோடு கலந்து உண்டானதே இன்று நாம் உண்ணும் ஸ்ட்ராபெரி. இப்பழத்தையும் ஆரஞ்சு மதுவையும் இணைத்துப் புகழ்பெற்ற பண்டம் ‘ஸ்ட்ராபெரி ரோமனாஃப்’. ஆரஞ்சுச் சாற்றிலும் குராசோவிலும் பழத்தை ஊறவைத்து, அடித்த பாலேட்டோடு பரிமாறுவது அதன் முறை. புகழ்பெற்ற சமையற்கலைஞர் எஸ்கோபியேயின் பெயரோடு அது சேர்த்துப் பேசப்படுகிறது. அந்தத் தாயாரின் கையிலிருந்த நூலின் செய்முறை இம்மரபில் வந்ததே.

மதுவை ஏன் சேர்த்தார்கள்? ஆரஞ்சின் மணம் சாற்றில் குறைவு. தோலின் புறத்தே உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளில்தான் மிகுதி. அந்த எண்ணெய் நீரில் கரையாது; மதுவில் நன்கு கரையும். மணத்தைச் சுமந்து செல்லும் வண்டியாகவே மது பயன்பட்டது.

கிள்ளான் தோட்டங்களின் கள்ளுக்கடை

ஐரோப்பியச் சமையற்கட்டில் மது ஒரு வாசனைப் பொருள். நம் சமூகத்திற்கோ அது வேறொரு நினைவு. இன்று மாடிக் கட்டடங்கள் நிறைந்த பெட்டாலிங் ஜெயா, எஃபிங்ஹாம் என்னும் ரப்பர் தோட்டத்தின் நிலத்தில் 1950ஆம் ஆண்டுகளில் எழுந்த நகரம். சிலாங்கூர்த் தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம் சீவிய காலத்தில், கூலி பெற்ற கையோடு செல்லும் தொலைவில் கள்ளுக்கடை இருந்தது. கள்ளின்மீது விதித்த வரி அரசுக்கு வருவாயாயிற்று. உழைத்த கூலி மீண்டும் மேலேயே போய்ச் சேர்ந்தது.

இதைத் தொழிலாளர்கள் பேசாமல் பொறுத்துக்கொள்ளவில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் இழிவுக்கு முடிவு ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கை. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். மே மாதத்தில் படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் ஐவர் சுடப்பட்டு இறந்தனர். போருக்குப் பின், 1947ஆம் ஆண்டில் கெடா மாநிலத்துப் பீடோங்கில், தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்து சிறை சென்றனர்.

பள்ளிக்கூடமும் கள்ளுக்கடை ஒழிப்பும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இருந்ததை ஆசிரியர்களாகிய நாம் மறக்கலாகாது. “அந்த வாடையே ஆகாது” என்று ஒரு தாய் சொன்னால் அது பழமைவாதம் அன்று. ஒரு குடும்பம் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

கொதித்தால் போய்விடுமா?

இனி என் தவற்றுக்கு வருகிறேன். மது 78 பாகை செல்சியசில் கொதிக்கும். ஆகவே நீர் கொதிக்குமுன் அது முழுதும் போய்விடும் என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் நீரோடு கலந்த மது தனியே பிரிந்து போவதில்லை. இரண்டும் சேர்ந்தே ஆவியாகும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, உணவில் கலந்து 15 நிமிடம் காய்ச்சினால் நூற்றுக்கு 40 பங்கு மது எஞ்சுகிறது. அரைமணி நேரத்திற்குப் பின் 35. ஒரு மணி நேரத்திற்குப் பின் 25. தீ மூட்டிச் சுடர்விடச் செய்தாலும் 75 பங்கு எஞ்சுகிறது. கொதிக்கும் சாஸில் ஊற்றி உடனே இறக்கினால் 85 பங்கு அப்படியே இருக்கும்.

பழச் சாஸ்களில் மணம் கெடாதிருக்க மதுவை இறுதியில்தான் சேர்ப்பார்கள். இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லிலிட்டர் லிக்கரில் தூய மது 12 மில்லிலிட்டர். அதில் ஏறத்தாழ 10 மில்லிலிட்டர் சாஸில் தங்கிவிடும். பத்துப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு மில்லிலிட்டர். அஞ்சி நடுங்கும் அளவன்று. ஆயினும் ‘இல்லை’ என்று சொல்லத்தக்க அளவும் அன்று. பிள்ளைகளுக்கும், நோன்பு நோற்கும் மூத்தோர்க்கும், நம் இல்லத் திறப்புக்கு வரும் முஸ்லிம் அண்டை அயலார்க்கும் அதைச் சொல்லாமல் பரிமாறுவது முறையாகாது.

மதுவின்றி மணம்

மணம் தோலில் உள்ளது என்றால் வண்டியை மாற்றிக்கொள்ளலாம். சீனியே அவ்வேலையைச் செய்யும். ஓர் ஆரஞ்சை நன்கு கழுவித் துடைத்து, நிறமுள்ள மேல்தோலை மட்டும் மெல்லத் துருவுங்கள். உள்ளிருக்கும் வெண்பகுதி கசக்கும். துருவலை 60 கிராம் சீனியோடு சேர்த்து விரல்களால் கசக்குங்கள். சீனி ஈரமாகி மஞ்சள் நிறம் ஏறும்போது எண்ணெய் வெளிப்பட்டுவிட்டது என்று அறியலாம். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே வையுங்கள்.

மீதியை, நறுக்கிய 250 கிராம் ஸ்ட்ராபெரியோடு கலந்து அரைமணி நேரம் ஊறவிட்டால் பழம் தானே நீர்விடும். பிறகு இளந்தீயில் ஐந்தாறு நிமிடம் காய்ச்சி, கரண்டியால் மசித்து இறக்குங்கள். சூடு தணிந்ததும் எடுத்துவைத்த சீனியையும், ஒரு மேசைக்கரண்டி ஆரஞ்சுச் சாற்றையும், ஒரு லீமாவ் கஸ்தூரியின் சாற்றையும் கலக்குங்கள். மணம் எளிதில் ஆவியாவதால்தான் அச்சீனியை இறுதியில் சேர்க்கிறோம். பிரெஞ்சுக்காரர் மதுவை இறுதியில் சேர்த்ததன் காரணமும் இதுவே. நாரத்தை கிடைத்தால் அதன் தோலில் சிறிது சேர்க்கலாம். கசப்பு ஆரஞ்சின் சாயல் வந்துவிடும். குளிர்பெட்டியில் மூன்று நாள் இருக்கும். பான்கேக்கிற்கு மட்டுமன்றி ஆப்பத்திற்கும் பொருந்துகிறது.

அத்தாயாரைச் சென்ற வாரம் பள்ளி வாசலில் கண்டு, “அன்று நான் சொன்னது தவறு; நீங்கள் செய்ததே சரி” என்று கூறினேன். அவர் சிரித்துக்கொண்டே, “பரவால்ல டீச்சர், அன்னிக்கு சாஸ் முதல்லயே முடிஞ்சு போச்சே” என்றார்.

ஆசிரிய நண்பர்களே, ஒரு நாரத்தையை வகுப்பறைக்குக் கொண்டு செல்லுங்கள். தோலைக் கிள்ளி முகரச் சொல்லுங்கள். நாரத்தை முதல் ஓரன் வரையுள்ள சொற்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதுங்கள். பெற்றோர்களே, கள்ளுக்கடையைப் பற்றிப் பாட்டி சொன்னதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். இரண்டும் நம் வரலாறுதான்.