கற்பனை விலங்குத் தோழன் (படநூல் வகை)

கற்பனை விலங்குத் தோழன் கதை குழந்தைப் படநூல்களில் ஒரு தனி வகை. ஒரு குழந்தை, அதன் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒரு விலங்கு, பெரியவர்கள் நுழைய முடியாத ஓர் உறவு: கதைக்கு இவ்வளவே போதும். பேசும் விலங்குகள் வரும் கதையெல்லாம் இதில் சேராது. பஞ்சதந்திரத்து நரியைக் கதையில் இருக்கும் எல்லாரும் பார்க்கிறார்கள். இந்த வகையில் வரும் முயலோ புலியோ மற்றவர் கண்ணில் படுவதே இல்லை. பட்டாலும் வெறும் பஞ்சுப் பொம்மையாகத்தான் படும்.

வகையின் மிகச் சிறந்த நூல் ‘ஆல்டோ’ (1991). இங்கிலாந்தின் ஜான் பர்னிங்ஹாம் (1936–2019) எழுதி, தாமே வரைந்தது. பெரும்பாலும் தனியாகவே பொழுதைக் கழிக்கும் ஒரு சிறுமி தன் கதையைத் தானே சொல்கிறாள். அவளுக்கு ஆல்டோ என்றொரு முயல், அவளைவிட உயரமானது, கழுத்தில் துண்டு சுற்றியது. சக பிள்ளைகள் சீண்டும்போதும், கெட்ட கனவு கண்டு நள்ளிரவில் விழிக்கும்போதும் அது பக்கத்தில் இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் சண்டை போடும் இடத்தைப் பர்னிங்ஹாம் மழுப்பாமல் வரைந்திருக்கிறார்; குழந்தை நூல்களில் அந்தத் துணிவு அரிது. சில நாள் அவள் ஆல்டோவை மறந்தும்விடுகிறாள். மறக்க இடம் கொடுத்ததுதான் நூலின் பெருமை என்பேன், ஏனெனில் குழந்தைகள் அப்படித்தான் வளர்கிறார்கள்.

சொல்லும் படமும் வேறு வேறு செய்தி சொல்ல முடியும் என்பதே இந்த வகையின் அடிப்படை நுட்பம். பர்னிங்ஹாமின் முந்தைய நூல் ஒன்றில் (1977) இடப்பக்கத்தில் பெற்றோர் கடற்கரை நாற்காலியில் உட்கார்ந்து, ‘அதைச் செய்யாதே, இதைத் தொடாதே’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வலப்பக்கத்தில் மகள் ஷெர்லி கடற்கொள்ளையரோடு மோதிக்கொண்டிருப்பாள். அந்தச் சாகசத்தைப் பற்றி எழுத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை அதை முதலில் கண்டுபிடித்துவிடும். வாசித்துக் காட்டும் அம்மா பிந்தித்தான் கவனிப்பார். ஜூடித் கெரின் தேநீருக்கு வரும் புலி (1968), சிட் ஹாஃப்பின் நூலில் அருங்காட்சியகத்திலிருந்து சிறுவனோடு வெளியே கிளம்பும் டைனோசர் (1958) ஆகியவை இந்த வகைக்கு நெருங்கிய உறவுகள்.

பிள்ளை தனியாகப் பேசிச் சிரித்தால் நம் ஊர்ப்பக்கம் ‘காத்து கருப்பு அண்டியிருக்குமோ’ என்று பயந்து மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அமெரிக்க உளவியலாளர் மார்ஜரி டெய்லர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்து 1999இல் ஒரு நூல் எழுதினார். உயிருள்ளதாகப் பாவித்துப் பேசும் பொம்மைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், அங்கே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு ஏழு வயதுக்குள் இப்படி ஒரு துணை இருந்திருக்கிறது. அது கற்பனை என்பதும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது.

தமிழில் இந்த உணர்வு புதிதல்ல. பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவம் நிலவையே குழந்தையோடு விளையாட அழைக்கிறது. ஆனால் அச்சில் வந்த படநூல்களில் விலங்கு ஊருக்கே சொந்தமாகத்தான் வருகிறது. சென்னையில் தாரா 1994இலும், தூலிகாவும் கரடி டேல்ஸும் 1996இலும் தொடங்கப்பட்ட பிறகு, நம் மண்ணின் படநூல்களுக்கு நல்ல தாளும் நல்ல ஓவியரும் கிடைத்தார்கள். அசோக் ராஜகோபாலனின் ‘கஜபதி குலபதி’ (தூலிகா, 2010) அவற்றில் பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்கும் நூல். சளி பிடித்த அந்த யானைக்கு ஊரே கைவைத்தியம் பார்க்கிறது. அது எல்லாருக்கும் செல்லம். ஒரே ஒரு பிள்ளை ரகசியமாக வைத்துக்கொள்ளும் யானை வேறு. அப்பா வெளிநாட்டு வேலையில், அம்மா காட்டு வேலையில் என்று பொழுதைத் தனியே கழிக்கும் பிள்ளைகளுக்கு அந்த யானையும் வேண்டும்.

அப்படியொரு நூலுக்குப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைவிடப் பொருத்தமான களம் தமிழ்நாட்டில் இல்லை. டைனோசர்கள் வாழ்ந்த கிரீத்தேசியக் காலத்தில் இங்கே கடல் இருந்தது. சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளில் இன்றும் கல்லாகிப்போன கிளிஞ்சல்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் கிடக்கிறது. அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2020இல் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது ‘டைனோசர் முட்டை’ என்று பேச்சு பரவியது. அவை அம்மோனைட் என்னும் பழங்கடல் உயிரைச் சுற்றி இறுகிய படிவுகள் என்று நிலவியலாளர்கள் விளக்கினார்கள்.

டைனோசரும் இங்கே வாழ்ந்ததுதான். கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் ஆராய்ந்து 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டது, பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்றானது. அதன் கணைக்கால் எலும்பாகக் கருதப்படும், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர். பக்கத்தில் நிற்கும் ஆறு வயதுப் பிள்ளை அதில் பாதிக்குச் சற்று மேலேதான் வரும். அந்த எலும்புகள் பின்னர் சிதைந்து போயின. வரைபடங்களும், 2022இல் வெளியிடப்பட்ட பழைய புகைப்படங்களுமே மிச்சம். மண்டையோடு கிடைக்கவில்லை, தோலின் நிறமும் தெரியாது. முகம், கண், நிறம் மூன்றையும் ஓவியர் அந்தப் பிள்ளையிடமே கேட்டு வரையலாம். விலங்கு முழுதாக வரும் பக்கத்தில் மட்டும் நூலைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கும்.