பணம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்

ஒடுக்குமுறை என்றதும் நமக்கு அரிவாளும் தீப்பந்தமும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. வெண்மணி அப்படித்தான் மனசில் நிற்கிறது, மேலவளவும் அப்படித்தான். நிற்க வேண்டியதுதான். ஆனால் மேசை நாற்காலி போட்டு, கோரம் சரிபார்த்து, முன்மொழிந்து வழிமொழிந்து, மினிட் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுச் செய்கிற வன்முறையை நாம் அதிகம் எழுதிவைக்கவில்லை. அதில் ரத்தம் தெறிப்பதில்லை. எஃப்.ஐ.ஆர். போட முடியாது. யார் செய்தது என்று கேட்டால் 'குழுவோட முடிவு' என்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு குழு முடிவைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி என்று ஒரு பகுதி. புகையிலை விளைகிற பூமி. கச்சேரி, கடைத்தெரு எல்லாம் ஃபார்ம்வில் என்ற சின்ன ஊரில். அங்கே 1959லிருந்து 1964 வரை ஐந்து வருஷம் பொதுப் பள்ளிக்கூடம் என்று ஒன்றுகூட நடக்கவில்லை. போர் இல்லை, பஞ்சம் இல்லை, கொள்ளைநோய் இல்லை. கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்க்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது. உள்ளூர் ஆட்சிக்குழு அந்த வருஷத்து பட்ஜெட்டில் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்காமல் விட்டுவிட்டது. இதுதான் சங்கதி.

அந்த நாட்டு நிர்வாகத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். கவுண்டியில் இரண்டு குழுக்கள். ஒன்று பள்ளிக் குழு. கட்டடம், வாத்தியார், பஸ், பாடப்புத்தகம் இவற்றையெல்லாம் முடிவு செய்வது அது. இன்னொன்று மேற்பார்வையாளர் குழு. வரி போடுவதும் பணம் ஒதுக்குவதும் அதன் கையில். நம்மூர் பஞ்சாயத்து யூனியன் மாதிரி ஓட்டு வாங்கி வருகிறவர்கள். இரண்டு குழுக்களிலும் இருந்தவர்கள் வெள்ளையர்கள்.

கறுப்பர் படித்த மோட்டன் உயர்நிலைப் பள்ளி 1939இல் கட்டப்பட்டது. 180 பேருக்கான கட்டடம். 1950 வாக்கில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். ஜிம் இல்லை, சாப்பாட்டுக்கூடம் இல்லை, சோதனைக்கூடம் இல்லை. பக்கத்திலேயே வெள்ளையர் பள்ளிக்கு இதெல்லாம் இருந்தது. கறுப்பர்களின் பெற்றோர் சங்கம் பள்ளிக் குழுவிடம் மனு மேல் மனு கொடுத்தது. இடம் பார்க்கிறோம், பணம் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. கடைசியில் பள்ளிக் குழு ஒரு முடிவு எடுத்தது: புதுக் கட்டடத்துக்குப் பதிலாகப் பள்ளி வளாகத்தில் மரச்சட்டம் அடித்து, தார் பூசிய காகிதத்தைச் சுற்றிக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்தது. மழை பெய்தால் உள்ளே ஒழுகும். குளிருக்கு ஒரு அடுப்பு. அதன் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு வெந்துபோகும், தள்ளி உட்கார்ந்தவன் கோட்டைக் கழற்றாமல் படிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தவர்கள் கோழிப்பண்ணை என்று நினைத்தார்களாம்.

இதை உடைத்தது பெரியவர்கள் இல்லை. பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண். 1951 ஏப்ரல் 23ஆம் தேதி, தலைமையாசிரியரை ஒரு பொய் போன் போட்டு வெளியே அனுப்பிவிட்டு, மாணவர்களை மண்டபத்தில் கூட்டி, ஸ்ட்ரைக் என்று அறிவித்தாள். ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னாள். இரண்டு வாரம் வகுப்பு நடக்கவில்லை. கறுப்பர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் வக்கீல்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் வந்தார்கள். பிள்ளைகள் கேட்டது நல்ல கட்டடம். வக்கீல்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: தனிப் பள்ளியை நல்லதாக்கு என்று கேட்டால் நாங்கள் வழக்குப் போட மாட்டோம், தனிப் பள்ளியே கூடாது என்று கேட்கத் தயாரா?

இந்தக் கேள்வி நமக்குப் புதுசில்லை. சேரிக்குள் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்பதா, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளையும் சமமாக உட்கார வேண்டும் என்பதா என்று நூறு வருஷத்துக்கும் மேலாக விவாதித்துக் கொண்டிருக்கிறோம். ஆதிதிராவிடர் நலப் பள்ளி பற்றிப் பேசினால் இன்றைக்கும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். தனிப் பள்ளி இல்லாமல் போயிருந்தால் எழுத்தே தெரியாமல் போயிருப்போம் என்கிறவர்கள் சொல்வதும் பொய்யில்லை. ஃபார்ம்வில்லிலும் பயந்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் பாதிரியார் ஃபிரான்சிஸ் கிரிஃபின் தேவாலயத்தில் கூடிய கூட்டம் பொதுப் பள்ளிதான் என்று முடிவெடுத்தது. மே 23இல் 117 மாணவர்கள் பெயரில் வழக்கு. பள்ளிக் குழு சும்மா இருக்குமா? ஸ்ட்ரைக்கைத் தடுக்கத் தவறிய தலைமையாசிரியரின் வேலையைப் புதுப்பிக்கவில்லை. பார்பராவின் உயிருக்குப் பயந்து பெற்றோர் அவளை அலபாமாவில் அப்பாவின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே பள்ளிக் குழு, வழக்கு நடக்கும்போதே, 1953இல் கறுப்பர்களுக்குப் புத்தம் புதுக் கட்டடம் கட்டித் திறந்தது. மனு கொடுத்தபோது இல்லாத பணம் வழக்குப் போட்டதும் எங்கிருந்தோ வந்துவிட்டது! நம்ம ஊரில் தனிச் சுடுகாட்டுக்குப் பாதை கேட்டால் இல்லை என்பவர்கள், பொதுச் சுடுகாட்டில் புதைப்போம் என்றதும் தார் ரோடே போட்டுத் தருவார்கள். அந்த மாதிரி.

1954 மே 17இல் உச்சநீதிமன்றம் பிரௌன் வழக்கில் தீர்ப்பு சொன்னது. அது ஐந்து வழக்குகளைச் சேர்த்து விசாரித்த தீர்ப்பு. அதில் ஒன்று இந்தப் பிள்ளைகளுடையது. தனித்தனிப் பள்ளி சட்டவிரோதம். ஆனால் அடுத்த வருஷம் அதே நீதிமன்றம், எப்போது சேர்க்க வேண்டும் என்று தேதி சொல்லாமல், 'நிதானத்தோடு கூடிய வேகத்தில்' என்று ஒரு வார்த்தையைப் போட்டது. நிதானம் யாருக்கு, வேகம் யாருக்கு? அந்த வார்த்தைக்குள் ஒன்பது வருஷம் ஓடிப்போனது.

மேற்பார்வையாளர்கள் அந்த இடைவெளியை வீணாக்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பணம் ஒதுக்குவதை விட்டுவிட்டு மாசாமாசம் ஒதுக்க ஆரம்பித்தார்கள். எந்த மாசம் கோர்ட் உத்தரவு வந்தாலும் அந்த மாசமே நிறுத்திக்கொள்ளலாம். கலப்புப் பள்ளிக்கு வரி கொடுப்பதைவிடப் பொதுப் பள்ளிகளையே விட்டுவிடத் தயார் என்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளையர்கள் 1956இல் கையெழுத்துப் போட்டார்கள். அங்கே இருந்த பத்திரிகையின் முதலாளியே இந்த அணியில் முன்னால் நின்றார். இவர்கள் முகமூடி போட்டவர்கள் இல்லை. வியாபாரி, வக்கீல், பண்ணைக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். நாங்கள் வன்முறைக்கு எதிரானவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அதுவும் உண்மைதான். அவர்களுக்கு வன்முறை தேவைப்படவில்லை.

1959 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் செப்டம்பரில் பிள்ளைகளைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றது. ஜூனில் பட்ஜெட் கூட்டம். பள்ளிகளுக்கு ஒரு டாலரும் ஒதுக்கவில்லை. எந்தத் தீர்மானத்திலும் கறுப்பர் என்று ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. பள்ளியை மூடு என்று உத்தரவு போடவும் தேவைப்படவில்லை. பணம் இல்லை, ஆகவே வாத்தியாருக்குச் சம்பளம் இல்லை, ஆகவே கதவு திறக்கவில்லை.

வெள்ளைப் பிள்ளைகளுக்கு என்ன ஆச்சு? அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு நடந்திருந்தது. ஒரு அறக்கட்டளை தொடங்கி, தேவாலய அறைகளிலும் மண்டபங்களிலும் செப்டம்பரிலேயே தனியார் பள்ளி நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் மாநில அரசும் கவுண்டியும் அந்தப் பிள்ளைகளுக்குக் கட்டண மானியம் கொடுத்தன. அந்தப் பள்ளிக்கு நன்கொடை கொடுத்தால் சொத்து வரியில் 25 சதவீதம் வரைக்கும் கழித்துக்கொள்ளலாம் என்று மேற்பார்வையாளர் குழு இன்னொரு தீர்மானம் போட்டது. பொதுப் பள்ளிக்கு இல்லாத பொதுப் பணம் தனியார் பள்ளிக்குப் பின்வாசல் வழியாகப் போனது. 1961இல் நீதிமன்றம் இதற்குத் தடை போட்டது. ஏழை வெள்ளைப் பிள்ளைகள் சிலரும் கட்டணம் கட்ட முடியாமல் தெருவில் நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நிற ஆதிக்கம் தன் சொந்த ஏழைகளைப் பற்றிக்கூடக் கவலைப்படவில்லை.

இந்தச் சரித்திரத்தை எங்கள் பகுதி இரவுப் பள்ளியில் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளையை அழைத்துப் போக வந்த ஒரு அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "ஏந் தம்பி, அந்த அஞ்சு வருசமும் அந்தப் புள்ளைங்க என்னா பண்ணுச்சுங்க?" என்றார். சட்டம், தீர்ப்பு, கருத்தியல் என்று நான் பேசிக்கொண்டிருந்ததில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கிட்டத்தட்ட 1,700 கறுப்புப் பிள்ளைகள். சிலர் பக்கத்துக் கவுண்டியில் பாட்டி வீட்டிலோ சித்தி வீட்டிலோ இருப்பதாக விலாசம் கொடுத்துப் படித்தார்கள். பெரிய பிள்ளைகள் சிலரை வட கரோலினாவில் ஒரு கறுப்பர் கல்லூரி எடுத்துக்கொண்டது. இன்னும் சிலரைக் குவேக்கர் அமைப்பினர் வேறு மாநிலங்களில் முன்பின் தெரியாத குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கவைத்தார்கள். பதிமூன்று பதினாலு வயசில் அம்மா அப்பாவை விட்டுப் போவது லேசான காரியமா? தேவாலய நிலவறைகளில் தாய்மார்களும் வேலை போன ஆசிரியைகளும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மிச்சம் இருந்த பெரும்பாலானவர்கள் புகையிலைக் காட்டுக்கு வேலைக்குப் போனார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டார்கள், காத்திருந்தார்கள். திரும்பித் திறந்தபோது பலர் வரவேயில்லை. பன்னிரண்டு வயதில் கூடப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள்.

இதில் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாத ஒரு விஷயம் இருக்கிறது. 1959 டிசம்பரில் வெள்ளையர்கள் ஒரு சமரசம் பேசினார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி மாதிரி உங்கள் பிள்ளைகளுக்கும் ஒன்று அமைத்துத் தருகிறோம் என்றார்கள். கறுப்பர்கள் மறுத்துவிட்டார்கள். ஒத்துக்கொண்டால் வழக்கே செத்துப்போகும் என்று தெரியும். மறுத்தால் பிள்ளைகளின் படிப்பு போகும் என்றும் தெரியும். தெரிந்தேதான் மறுத்தார்கள். அந்தத் தகப்பன்மார்களை வீரர்கள் என்று மேடையில் சொல்லிவிடுவது சுலபம். ஏழு வயசுப் பிள்ளை பன்னிரண்டு வயசாகும்வரை தன் கண்ணெதிரே வாசலில் உட்கார்ந்திருக்கப் பார்த்துக்கொண்டு அதைச் செய்வது வேறு. அவர்கள் செய்தது சரிதான் என்று நான் நினைக்கிறேன். அதற்கான விலையைக் கொடுத்தது முடிவெடுத்தவர்கள் மட்டுமல்ல என்பதும் அதே அளவு உண்மை.

அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டூபாய்சுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் சபையிடம் கறுப்பர்கள் கொடுக்கும் மனுவின் பிரதி வேண்டும், தீண்டப்படாதோரும் அப்படி ஒன்று கொடுக்க யோசிக்கிறோம் என்று. அதனால் இந்தக் கதை நமக்கு அடுத்த வீட்டுக் கதை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைக் குடியரசு என்று கொண்டாடியவர்களை அவர் கடுமையாகச் சாடினார். உள்ளூர் அதிகாரம் என்றாலே ஜனநாயகம் என்று நம்புகிற முற்போக்கு நண்பர்கள் பிரின்ஸ் எட்வர்டைக் கொஞ்சம் படிக்கலாம். நீதிமன்றத்தில் அந்தக் கவுண்டிக்காக வைத்த வாதமே உள்ளூர் உரிமைதான். பள்ளி வேண்டுமா வேண்டாமா என்பதைக் கவுண்டியே முடிவு செய்யும், வேறு எந்தக் கவுண்டியில் பள்ளி நடந்தால் எங்களுக்கென்ன என்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996இலிருந்து 2006 வரை என்ன நடந்தது? தலைவர் பதவி தலித்துக்கு என்று ஒதுக்கியதும், தலைவரே வேண்டாம், பஞ்சாயத்தே வேண்டாம் என்றார்கள். நாம் இறங்கிவிடுவோம் என்றால் குளத்தையே தூர்த்துவிடுகிற புத்தி கடல் தாண்டினாலும் ஒன்றுதான்.

1963இல் மத்திய அரசின் முயற்சியில், நன்கொடைப் பணத்தில், ஒரு வருஷத்துக்கு இலவசப் பள்ளி நடந்தது. 1,500 பிள்ளைகள் போல வந்தார்கள். வெள்ளைப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவு. 1964 மே 25இல் உச்சநீதிமன்றம், நிதானம் பேசுகிற காலம் முடிந்துவிட்டது, தேவைப்பட்டால் வரி போட்டாவது பள்ளியைத் திற என்று தீர்ப்பளித்தது. பாதிரியார் கிரிஃபின் பிள்ளைகள் பெயரில் நடந்த வழக்கு அது. செப்டம்பரில் கதவு திறந்தது.

அதற்கு முன் குழு இன்னொரு கூட்டம் போட்டது. ஆகஸ்ட் 4ஆம் தேதி ராத்திரி கூடி, தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு மானியம் என்று தீர்மானித்து, வெள்ளைப் பெற்றோர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பி செக் கொடுத்தார்கள். கோர்ட் தடை வருவதற்குள், மறுநாள் காலை ஒன்பது மணிக்குள், ஏறக்குறைய 1,80,000 டாலர் கைமாறிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்க ஐந்து வருஷம் ஆனது. இதற்கு ஒரு ராத்திரி போதும். நீதிமன்ற அவமதிப்பு என்று 1966இல் தீர்ப்பு வந்தது.

2003இல் வர்ஜீனியா சட்டமன்றம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. 2008இல் மேற்பார்வையாளர் குழுவும் வருந்தியது, கச்சேரி மணிக்கூண்டில் ஒரு விளக்கு ஏற்றியது. 2020 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து, அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதி ராபர்ட் லீயின் சிலையை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு வர்ஜீனியா தேர்ந்தெடுத்த பெயர் பார்பரா ஜான்ஸ். அவர் 1991இலேயே இறந்துபோயிருந்தார். பள்ளி மூடியதால் படிப்பு இழந்தவர்கள் மறுபடி படிக்க உதவித்தொகை கொடுப்பதென்று 2004இல் மாநில அரசு முடிவு செய்தது. 1959இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டிய பிள்ளைக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.